பதினேழாம் நம்பர் மெஷின் சொன்ன நான்கு வரி

எனக்கு அறுபத்தெட்டு வயது. பெற்று வளர்த்தது மூன்று பிள்ளைகள். ஐம்பதைத் தாண்டிய பிறகு வளர்த்தது முப்பத்திரண்டு கம்ப்யூட்டர்கள். பிள்ளைகளை எப்படி வளர்த்தாய் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

கேட்டது எங்கள் சென்டர் மேடம். ஹைதராபாத்தில், தில்சுக் நகரில், புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கும் சென்டர் அது. பதினான்கு வருடம் அங்கே வேலை பார்த்துவிட்டு இரண்டு வருடத்துக்கு முன்னால் நின்றேன். இப்போது மதுரையிலும் சேலத்திலும் கிளை திறந்திருக்கிறார்களாம். அங்கே லேப் அட்டெண்டராகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்றார். எதைச் சொல்ல என்று கேட்டேன். பதினேழாம் நம்பரைச் சொல்லுங்கள் என்றார். அதைச் சொன்னால் என் குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பரவாயில்லை. அந்தக் குறையோடுதான் ஒரு லேபைப் பதினான்கு வருடம் கட்டிக் காத்தேன் என்பதும் உங்களுக்குத் தெரியட்டும்.

குறை இதுதான்: எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆம்பூர்ப் பக்கத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். இங்கிலீஷ் எழுத்துகளை வரையத் தெரியும். கீபோர்டில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அந்த எழுத்துகள் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று மட்டும் தெரியாது.

என் கணவருக்குக் காஞ்சன்பாக்கில், ராணுவத்துக்குச் சாமான் செய்கிற ஃபேக்டரியில் டர்னர் வேலை. அவர் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சந்தோஷ் நகரில் குடியேறினோம். சும்மா உட்கார எனக்குப் பிடிக்காது. சென்டரில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனேன்.

அப்போது லேபைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தமிழர். வயசானவர். தன் பெயரை எதிலும் போட விடமாட்டார், அதனால் நானும் சொல்லவில்லை. நான் சேர்ந்த பத்தாவது நாள், துடைக்கும்போது மேஜைக்கு அடியில் ஒரு கொத்து ஒயரை இழுத்துவிட்டேன். பயந்துபோய், அவர் வருவதற்குள் எல்லாவற்றையும் கைக்கு வந்த ஓட்டையில் சொருகி வைத்தேன். பிடுங்கியது மூன்று ஒயர், சொருகியதில் கெட்டது ஏழு மெஷின். அவர் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“தப்பு நடந்துடுச்சுன்னா உடனே சரிபண்ண ஓடாதம்மா. முதல்ல கையை எடு. என்ன பண்ணேன்னு சொல்லு. மத்ததை அப்புறம் யோசிக்கலாம்.”

அவருக்கு என்னிடம் என்ன பிடித்துப்போனதோ, ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, மெஷினில் அடிக்க வேண்டிய வரிகளைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதித் தந்தார். கோலப்புள்ளி மாதிரி பார்த்துப் பார்த்து வரைந்தேன். ஆறு மாதத்தில் லேப் சாவி என் இடுப்பில். அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். நோட்டில் இல்லாத வரி ஏதாவது மெஷினில் வந்தால், அதை அப்படியே நோட்டில் எழுதி வை, நான் வந்து பார்க்கிறேன் என்றார். நானும் எழுதி வைப்பேன். அவர் வந்து படித்து, இது பரவாயில்லை, இதற்கு இன்னது செய் என்பார்.

இரண்டு வருடத்தில் அவர் ஊருக்குப் போய்விட்டார். அடுத்தடுத்து வந்த இளவட்டங்கள் நான் அடிக்கிற வேகத்தைப் பார்த்து, எனக்குப் படிக்கத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

மெஷினில் எப்படி அடிப்பது என்பதை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை, அதற்கு அங்கே ஆள் இருக்கிறார்கள். என்ன வேலை என்று மட்டும் சொல்கிறேன். பிள்ளைகள் புரோகிராம் எழுதுகிற அந்த மென்பொருளை யாரும் விற்பதில்லை. பல தேசத்து ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதி, இணையத்தில் ஒரு பொதுக் கிடங்கில் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யார் எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பதையெல்லாம் அந்தக் கிடங்கு ஞாபகம் வைத்திருக்கும். வாராவாரம் அதில் மாற்றம் வரும். திங்கட்கிழமை காலையில், வகுப்புக்கு முன்னால், வந்த மாற்றத்தை ஒவ்வொரு மெஷினிலும் இறக்க வேண்டும். லேபில் அதைப் ‘புல் போடுவது’ என்பார்கள், இங்கிலீஷில் புல் என்றால் இழுப்பதாம். முப்பத்திரண்டு மாட்டுக்கும் புல் போட்டாச்சா என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

புல் போட்டதும் திரையில் சேர்த்ததற்குப் பச்சைக் கூட்டல் குறி வரும், நீக்கியதற்குச் சிவப்புக் கழித்தல் குறி வரும். எனக்கு அது போதும். பச்சை எவ்வளவு, சிவப்பு எவ்வளவு என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். எழுத்துத் தெரிந்தவர்கள்கூட அப்படிப் பார்த்ததில்லை என்று அந்தப் பெரியவரே சொல்லியிருக்கிறார்.

இனி அந்தத் திங்கட்கிழமை.

அப்போது லேபைப் பார்த்துக்கொண்டது கிரண் என்கிற தெலுங்குப் பையன். கெட்டிக்காரன், நல்லவன், எல்லாவற்றுக்கும் அவசரம். வயதில் என் கடைக்குட்டியைவிடச் சின்னவன் என்றாலும் நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். சில சமயம் புல் போடும்போது மெஷின் முரண்டு பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் அவரைக் கூப்பிடாமல் இருக்க, ஒரு சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தார். கோபித்துக்கொண்டால் இதை அடியுங்கள் அம்மா, சரியாகிவிடும் என்றார். அதுவரை இரண்டு முறை அடித்திருந்தேன். இரண்டு முறையும் சரியானது.

அன்றைக்கு முப்பத்தொரு மெஷினில் ஒழுங்காக இறங்கியது. பதினேழில் இறங்கவில்லை. நோட்டில் இல்லாத நான்கு வரி வந்தது. நோட்டைத் திறந்தேன். ஒரு எழுத்து விடாமல் நான்கையும் எழுதிக்கொண்டேன். இரண்டாவது வரி சின்னது, ஒரே ஒரு பெயர்: பாம்பு மாதிரி ஒரு எழுத்தில் தொடங்கி, நடுவில் மூன்று கால் எழுத்து, அப்புறம் கால் கீழே தொங்குகிற எழுத்து, பக்கத்தில் ஒரு குச்சி. எழுதி முடித்துவிட்டு, சீட்டை எடுத்து அந்த வரியை அடித்தேன். மறுபடி புல் போட்டேன். சாதுவாக இறங்கியது. திரையில் இருந்த ஜன்னலை மூடிவிட்டுத் துடைக்கப் போனேன். அன்று மணி ஏழரைக்குள் முப்பத்திரண்டும் முடிந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

எட்டரைக்கு நசீமா வந்தாள். சந்தோஷ் நகர்ப் பெண். பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை, சாயங்காலம் வகுப்பு. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பதினேழாம் நம்பர்தான் அவளுக்குக் கம்ப்யூட்டர். அன்றைக்குப் பதினொரு மணிக்கு ஒரு கம்பெனிக்காரர்கள் வருவதாக இருந்தது. ஒவ்வொருவரும் தாங்களே எழுதிய ஒரு புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த பேட்சுக்கு வந்த கம்பெனி அது ஒன்றுதான், அந்த வாரத்தோடு வகுப்பும் முடிகிறது. கடைசியாக ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

நான் மூன்றாவது வரிசையில் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் மெஷினைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

என்னம்மா என்று கேட்டேன். என்னுடையது இல்லை ஆன்ட்டி, மூன்று வாரமாக எழுதியது ஒரு வரிகூட இல்லை என்றாள். நான்தான் ஏதோ தப்பாகச் செய்திருப்பேன் என்றும் சொன்னாள்.

கிரண் வந்து பார்த்தார். விஷயம் அவருக்கு உடனே புரிந்தது, பாதி மட்டும். மாணவர்கள் தங்கள் வேலையைச் சேமிக்கத் தனி இடம் உண்டு. அதை வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் காலி செய்துவிடுவார்கள். பென் டிரைவ் கூடாது, வைரஸ் வரும். அதனால் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். காலி செய்யாத ஒரே இடம் அந்த மென்பொருள் இருக்கிற ஃபோல்டர். அதற்குள், மாதிரிக்கென்று கிடக்கிற ஃபைல்களில் ஆளுக்கு ஒன்றைத் திறந்து, அதிலேயே தங்கள் வேலையை எழுதிவிடுவார்கள். கூடாது என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தது. எல்லாரும் செய்தார்கள். நசீமாவும் செய்தாள்.

அங்கே எழுதாதே என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கிரண் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த ஃபோல்டரே கெட்டுப்போயிருக்கிறது, மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக இறக்கித் தருகிறேன், இரண்டு மணி நேரத்தில் முடிந்ததை எழுது என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே மவுஸைப் பிடித்தார்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். காலையில் அந்த மெஷின் முரண்டு பிடித்தது, நான் சீட்டைப் பார்த்து அடித்தது, எல்லாம் எனக்கு ஒரு நொடியில் பொருந்திவிட்டது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்காவிட்டால், சொன்ன பேச்சைக் கேட்காத பெண் என்று அவள் மேலேயே போய்விடும். திறந்தால், என்ன வந்தது, ஏன் படிக்கவில்லை என்று கேட்பார்கள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. அதைச் சொன்னால் சாவி போகும், திரும்பவும் துடைப்பம்தான். நான் துடைப்பத்தை மட்டமாக நினைக்கிறவள் இல்லை. ஆனால் அந்தச் சாவி என் இடுப்பில் பத்து வருடமாக இருந்தது.

முதலில் கையை எடு என்று பெரியவர் சொன்னது எனக்கு மட்டுமா? கிரண் சாரின் கையைப் பார்த்தேன். வாயில் வந்தது தமிழும் இந்தியும் கலந்து வந்தது.

“நக்கோ சார், வேண்டாம். தொடாதீங்க. அவ ஒண்ணும் பண்ணலை. அதை அழிச்சது நான்.”

அவர் திரும்பிப் பார்த்தார். காலையில் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். சீட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். மெஷினில் யார் செய்த மாற்றத்தையும் கேட்காமல் அழிக்கிற வரி அது. அவர் முகம் மாறியது. அதற்கு முன்னால் மெஷின் என்ன சொன்னது அம்மா என்று கேட்டார்.

“தெரியாது சார். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது.”

தினமும் டைப் செய்கிறீர்களே என்றார்.

“டைப் பண்றேன் சார். படிக்கலை.”

லேபில் அப்போது ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள்.  எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஆனாலும் நோட்டு ஞாபகம் வந்தது. எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கிரண் நின்றுகொண்டே படித்தார். படித்துவிட்டு உட்கார்ந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டேன். ஒவ்வொரு வரியாகத் தெலுங்கில் சொன்னார். நான் தமிழில் சொல்கிறேன்: கீழே உள்ள ஃபைலில் நீங்கள் செய்திருக்கிற மாற்றங்கள், புதியதை இறக்கினால் அழிந்துபோகும். அடுத்து அந்த ஃபைலின் பெயர், நசீமா எழுதி வைத்திருந்த அதே ஃபைல், அந்த வாரம் மாற்றம் வந்ததும் அதற்குத்தான். அப்புறம், முதலில் அவற்றைப் பத்திரப்படுத்திவிட்டு வாருங்கள். கடைசி வரி, அதுவரை நிறுத்துகிறேன்.

அது கோபித்துக்கொள்ளவே இல்லை. அந்த நேரத்தில் அங்கே இல்லாத ஒரு பெண்ணுக்காக நின்று பேசியிருக்கிறது. நான் அதை என் கையாலேயே நோட்டில் எழுதிக்கொண்டு, எழுதிய கையாலேயே அழித்திருக்கிறேன்.

பெரியவர் சொன்னதில் பாதியை மட்டும் எட்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுதி வை என்றார், எழுதினேன். நான் வந்து பார்க்கிறேன் என்றாரே, அந்த மற்ற பாதி அவரோடு போய்விட்டது. பார்க்க ஆள் இல்லாத நோட்டை நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கிரண் மவுஸிலிருந்து கையை எடுத்திருந்தார். நசீமாவிடம் ஒன்று கேட்டார்: எழுதி முடித்ததும் ‘ஆட்’ கொடுத்தாயா? ‘ஆட்’ என்றால், இதைச் சேர்க்கப் போகிறேன் என்று கிடங்கிடம் முன்கூட்டியே காட்டி வைப்பது. அதற்கு அடுத்த படியை வகுப்பில் இன்னும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்த வரைக்கும் தினமும் செய்தேன் சார் என்றாள்.

அப்படியானால் உள்ளே எங்கேயாவது இருக்கும் என்றார். பெயர் போயிருக்கும், எழுதியது இருக்கும். சற்று முன் ஃபோல்டரை அழித்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்று மெதுவாக, தனக்குச் சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்.

தேடினார். பெயரில்லாத துண்டுகள் நிறைய வந்தன, எண்ணும் எழுத்தும் கலந்த நீளநீளமான அடையாளங்களோடு. ஒவ்வொன்றாகத் திறந்தார். நசீமா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்த மெஷின் பக்கத்தில் நின்று யாரையும் கிட்டே வரவிடவில்லை. ஒன்பதரை ஆயிற்று. ஒரு துண்டைத் திறந்ததும் அவள் கை தானாகத் திரையைத் தொட்டது.

“யேயிச் சார். யேயிச்.”

இதேதான் என்று அர்த்தம். அவர்கள் வீட்டு உருதுப் பேச்சு அப்படி.

முழுவதும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை கடைசி ஒரு மணி நேரத்தில் எழுதியது போய்விட்டது, அதற்கு அவள் ‘ஆட்’ கொடுக்கவில்லை. அதைத் திரும்ப எழுத உட்கார்ந்தாள். நான் ஒரு டீ கொண்டுபோய் வைத்து, மன்னிச்சுக்கோம்மா என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் இது கிடைத்திருக்காதே ஆன்ட்டி என்றாள். அந்த டீயை அவள் குடிக்கவில்லை, ஆறிப்போய்விட்டது. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது புரோகிராம் ஓடியது.

கம்பெனிக்காரர்கள் அவளை இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டார்கள், அப்புறம் எடுத்துக்கொண்டார்கள். இப்போது கம்பெனிகள் நிறைந்த கொண்டாப்பூரில் இருக்கிறாள்.

என் கதைக்கு வருகிறேன். சாயங்காலம் மேடம் கூப்பிட்டார். கேட்பதற்கு முன்பே சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். கிரண் கூடவே வந்திருந்தார். படிக்காமல் அடிக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தது நான், அவர்களைச் சொல்வதாக இருந்தால் என்னைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றார். மேடம் நோட்டைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பத்து வருடத்துக் கோடு, வளைவு, புள்ளி எல்லாம் அதில் இருந்தது. மூடிவிட்டு, சாவியை நோட்டின் மேலே வைத்து என் பக்கம் தள்ளினார். இனிமேல் எழுதுவதோடு நிற்காதீர்கள், படிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் லேபின் வழக்கம். புது வரி வந்தால் மெஷினிலிருந்து கையை எடுப்பேன். லேபில் யார் இருந்தாலும் கூப்பிட்டு, சத்தமாகப் படி, அர்த்தம் சொல் என்பேன். மாணவனோ, வாட்ச்மேனோ, ஒரு தடவை ஏசி ரிப்பேருக்கு வந்தவர். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. பிறகு ஒன்றைக் கவனித்தேன். சத்தமாகப் படிக்கிற பிள்ளைகள் பாதியில் நிறுத்தி, ஓ, இதுவா என்பார்கள். படிக்கத் தெரிந்தவர்களும் அதுவரை படிக்காமல்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் போலவேதான், ஆனால் அவர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் கிடையாது.

உங்களுக்கும் சீட்டு கொடுப்பார்கள். இப்போது சீட்டுக்குப் பதில் ஃபோனில் அனுப்புவார்கள். ஒரு வரி இருக்கும், அடித்தால் சரியாகிவிடும். நிஜமாகவே சரியாகிவிடும், அதுதான் ஆபத்து. மெஷின் நிற்கிறதென்றால் யாருக்காகவோ நிற்கிறது. அது யார் என்று தெரிந்த பிறகு அடியுங்கள்.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருடம் ஒரு திங்கட்கிழமை புல் போட்டேன். அந்த வாரம் வந்த மாற்றம் ரொம்பக் கொஞ்சம், ஒரே ஒரு ஃபைல், இரண்டு பச்சைக் கூட்டல். பெயரைப் பார்த்தேன். பாம்பு எழுத்து, மூன்று கால் எழுத்து, கால் தொங்குகிற எழுத்து, குச்சி. யாரையும் கூப்பிடாமல் எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் பெயர் அது. அன்று மத்தியானம் நசீமா ஃபோன் செய்தாள். மாதிரிக்கென்று கிடந்த அதே ஃபைலில் ஒரு பிழை இருந்ததாம். திருத்தி அனுப்பினாளாம், கிடங்குக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்களாம். வந்ததா ஆன்ட்டி என்று கேட்டாள். முப்பத்திரண்டு மெஷினிலும் வந்துவிட்டது என்றேன்.

இவ்வளவையும் நான் சொல்லச் சொல்ல ஃபோனே எழுத்தாக்கிக்கொண்டு வந்தது. பிடித்துக்கொண்டிருந்தவள் என் பேத்தி. இங்கேயே பிறந்தவள், நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். அவள் அம்மா அடித்துத் திருத்தித் தமிழ் எழுத்து மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறாள். இப்போது விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, “பாட்டி, பம்பிஞ்சேயனா?” என்கிறாள். அனுப்பிவிடட்டுமா என்று கேட்கிறாள்.

கையை எடு கண்ணு. முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி. நான் கேட்கிறேன்.